கை நடுங்காத வண்டி

கஸ்தூரி எய்த கடைசி அம்பு இலக்கைத் தொடவே இல்லை. பாதி வழியிலேயே தலை குனிந்து புல்லில் குத்தி நின்றது.

"வில் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டான் ஹேமநாதன்.

"இல்ல."

"அம்பு வளைஞ்சிருச்சா?"

"இல்ல லா!"

"அப்புறம் ஏன் புல்லுக்கு விட்ட? அது உன்னை என்ன பண்ணுச்சு?"

கஸ்தூரி வில்லைக் கீழே வைத்தாள். தன் இடது கையை நேராக நீட்டிக் காட்டினாள். அது காற்றில் சிக்கிய பிளாஸ்டிக் பை போலப் படபடவென்று நடுங்கியது.

தங்காக் என்ற ஊரில் நடந்த தொடக்கப்பள்ளிகளுக்கான வில்வித்தைப் போட்டி அது. குளுவாங்கிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து மூன்றே பேர் வந்திருந்தார்கள். ஆறாம் ஆண்டில் படிக்கும் கஸ்தூரி, அவளுடைய வகுப்புத் தோழி ஷப்னம், ஐந்தாம் ஆண்டு ஹேமநாதன்.

மொத்தம் நாற்பது பேர் கலந்துகொண்டதில் கஸ்தூரிக்கு முப்பத்தொன்பதாவது இடம். நாற்பதாவதாக வந்த பையன் வயிற்றுவலி என்று பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டான்.

பயிற்சியின்போது கஸ்தூரி இப்படியா எய்வாள்? பத்து அம்பில் ஆறு நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில் போய் நிற்கும். மற்ற நான்கும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும்.

தவறு அவளுடைய கண்ணில் இல்லை. வில்லிலும் இல்லை. சாமான்களில் இருந்தது.

இந்தப் போட்டிகளில் ஒவ்வொரு பள்ளியும் தன் இலக்குப் பலகையைத் தானே கொண்டுவர வேண்டும். பலகை என்றுதான் பெயர். உண்மையில் அது மெத்தை அளவுக்கு இருக்கும் கெட்டியான நுரைக் கட்டி. அதோடு வில்கள், அம்புப் பெட்டி, பலகையை நிறுத்தும் கால்கள், கூடாரம், பீப்பாய் போன்ற தண்ணீர்த் தோம்பு எல்லாம் உண்டு. பஸ் நின்ற இடத்திலிருந்து திடலுக்கு முந்நூறு மீட்டர். அவர்களுடைய பயிற்சியாளர் மூர்த்தி சாருக்கோ இடுப்பில் வலி. இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்ல மட்டும்தான் அவரால் முடிந்தது.

நான்கு நடை நடந்து தூக்கிய பிறகு வில்லைப் பிடித்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்?

திரும்பும் வழியில் பஸ்ஸில் கஸ்தூரி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சட்டென்று சொன்னாள்:

"சார், யோங் பெங் போட்டி எப்போ?"

"மூணு வாரம் இருக்கு மா."

"அதுதான் எனக்குக் கடைசி. அடுத்த வருஷம் நான் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருவேன். ஒரு தடவையாவது கை நடுங்காம எய்யணும் சார். நமக்கு ஒரு வண்டி வேணும்."

ஹேமநாதன் அதற்குள் மூர்த்தி சாரின் கைப்பேசியை வாங்கித் தேட ஆரம்பித்துவிட்டான்.

"இதோ! மடக்கு வண்டி. நாலு சக்கரம். நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்காங்க. 'என் பாட்டியம்மா பூனையை இதுலதான் கூட்டிட்டுப் போறாங்க'ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"நாம பூனையா கொண்டு போறோம்?" என்றாள் ஷப்னம்.

மூர்த்தி சார் சிரித்தார். "அதே மாதிரி வண்டி எங்க வீட்டுலயே இருக்கு. எடுத்துட்டு வரேன். முதல்ல சோதிச்சுப் பாருங்க."

சோதிப்பது சரி. எப்படிச் சோதிப்பது?

அதற்கான வழி மறுநாள் ஷப்னத்தின் அப்பா நைனா முகம்மதுவின் உணவுக்கடையில் கிடைத்தது. அவர் இரண்டு குவளைகளை எடுத்து, ஒன்றை மேலே தூக்கி, ஒன்றைக் கீழே இறக்கி, தே தாரிக் இழுத்துக்கொண்டிருந்தார். தேநீர் ஒரு முழ நீளத்துக்கு நீண்டு விழுந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கஸ்தூரி கண் கொட்டாமல் பார்த்தாள்.

"அங்கிள், உங்க கை நடுங்கினா என்னாகும்?"

"டீ கீழே போகும். கஸ்டமரு மேலே குதிப்பாரு."

"அப்போ எனக்கு ஒரு கிளாஸ் டீ வேணும். விளிம்பு வரைக்கும். ஆறினதா இருக்கணும். குடிக்க இல்ல."

அவள் தன் திட்டத்தை விளக்கினாள். வண்டியில் எல்லாச் சாமான்களையும் ஏற்றிப் பள்ளித் திடலை இரண்டு முறை சுற்ற வேண்டும். உடனே, வில் பிடிக்கும் இடது கையில் கிளாஸை வாங்கி, கையை நேராக நீட்டி இருபது வரை எண்ண வேண்டும். தேநீர் சிந்தினால் வண்டி தோற்றது. சிந்தாவிட்டால் வண்டி ஜெயித்தது.

நைனா முகம்மது தலையைச் சொறிந்தார். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். கீழே ஊத்தறதுக்குன்னே டீ கேட்டு வந்த முதல் ஆளு நீதாம்மா!"

முதலில் மடக்கு வண்டி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிமெண்டுத் தரையில் குழந்தை போல ஓடியது. புல்லில் இறங்கியதும் அதன் குட்டிச் சக்கரங்கள் மண்ணுக்குள் புதைந்துகொண்டன. முதல் சுற்றின் பாதியில் மூவரும் சாமான்களோடு சேர்த்து வண்டியையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

கஸ்தூரி கிளாஸை நீட்டினாள். நான்கு எண்ணுவதற்குள் பாதித் தேநீர் ஹேமநாதனின் காலணியில் இருந்தது.

"நட்சத்திரம் கொடுத்தவங்க யாரும் புல்லுல இழுக்கல போல," என்றான் அவன், காலை உதறிக்கொண்டே.

இரண்டாவது, ஷப்னத்தின் கடையில் கேஸ் தோம்பு தள்ளும் இரும்பு வண்டி. அதைச் சாய்த்துத்தான் தள்ள வேண்டும். சாய்த்ததும் பலகை ஒருபக்கம் சறுக்கியது, அம்புப் பெட்டி மறுபக்கம் சறுக்கியது. "நான் பிடிச்சிக்கிறேன்!" என்று பாய்ந்த ஹேமநாதன் பலகைக்கு அடியில் போய்விட்டான். இரண்டு கை மட்டும் வெளியே தெரிந்தது.

"உயிரோட இருக்கியா லா?" என்று குனிந்து கேட்டாள் ஷப்னம்.

"இருக்கேன். ஆனா இந்த வண்டிக்கு நட்சத்திரமே கிடையாது."

தேநீர் இந்த முறையும் சிந்தியது.

மூன்றாவது வண்டியைக் கஸ்தூரியின் அப்பா விஜயன் கொண்டுவந்தார். அவர் ஊருக்கு வெளியே உள்ள எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், வாகனங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டர். செம்பனைக் குலைகளை ஏற்றித் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி அது. சக்கரம் தலையணை போலப் பருத்திருந்தது. புல் என்ன, சேறே வந்தாலும் புதையாது.

"இதான்! இதான்!" என்று குதித்தான் ஹேமநாதன்.

வண்டி அற்புதமாக ஓடியது. இரண்டு சுற்றும் முடிந்தது. கஸ்தூரி நம்பிக்கையோடு கிளாஸை வாங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

சளக்!

"அலமாக்! இது சக்கரத்தோட தப்பு இல்லையே. பின்ன ஏன் கை வலிக்குது?" என்றாள் ஷப்னம்.

கஸ்தூரி புல்லில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்தாள். அதை நிறுத்தும்போது பின்பக்கம் இருக்கும் இரண்டு இரும்புக் கால்கள் தரையில் ஊன்றிக்கொள்ளும். அந்த இடத்தில் மண் அமுங்கி இரண்டு ஆழமான குழிகள் விழுந்திருந்தன. அவள் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முழு விரலும் உள்ளே போனது.

"இங்க பாருங்க!" என்று கத்தினாள். "நிக்கும்போது இந்தக் காலுக்கு எவ்வளவு பாரம் வருதோ, அதைத்தான் தள்ளும்போது நாம கையில தூக்கறோம். சக்கரம் முன்னாடி இருக்கு. நாம பின்னாடி இருக்கோம். பாரம் நடுவுல இருக்கு. அதனால சக்கரம் பாதி சுமக்குது, நாம பாதி சுமக்கறோம்."

"அப்போ?"

"சக்கரம் பாரத்துக்கு நேர் கீழே வரணும். அப்போ முழுப் பாரமும் அதுக்குத்தான். நமக்கு ஒண்ணும் வராது."

ஹேமநாதன் யோசித்தான். "அப்படி ஒரு வண்டி ஆன்லைன்ல இல்லையே."

"அதான் நாம செய்யப் போறோம்."

அந்த வார விடுமுறையில் விஜயனின் பட்டறை வாசலில் கஸ்தூரி சுண்ணக்கட்டியால் தரையில் படம் வரைந்தாள். பழைய குலைவண்டிகளின் பருத்த சக்கரங்கள் இரண்டு. நடுவில் ஓர் இரும்புக் குழாய். மேலே இரும்புச் சட்டம். அதில் பலகையைக் கதவு போல நிறுத்த இரண்டு கம்பிகள். முன்னால் நைனா முகம்மது கொடுத்த நீல மீன்கூடை.

"முதலாளி, கைப்பிடி எவ்வளவு நீளம்?" என்று விஜயன் கேட்டார்.

"ஷப்னம் உயரத்துக்கு வைங்கப்பா. அவதான் எங்கள்ல நெட்டை."

"சரிங்க முதலாளி. எல்லாரும் தள்ளிப் போய் நில்லுங்க. நெருப்பைப் பார்க்காதீங்க."

மாலைக்குள் வண்டி தயாரானது. மூவரும் சாமான்களை ஏற்றினார்கள். கனமான தண்ணீர்த் தோம்பை ஷப்னம் முன்பக்கத்து ஓரத்தில் வைத்தாள். அவ்வளவுதான். வண்டி முன்பக்கம் கவிழ, கைப்பிடி விருட்டென்று மேலே எழும்பியது. அதைப் பிடித்திருந்த ஹேமநாதனும் அதோடு எழும்பி, குரங்கு போலத் தொங்கினான்.

"இறக்கி விடுங்க லா!"

தோம்பைச் சக்கரத்துக்கு மேலே நகர்த்தியதும் கைப்பிடி தானாகக் கீழே வந்தது. கஸ்தூரி அதை ஒரே விரலால் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது!

திடலில் இரண்டு சுற்று. இடது கையில் கிளாஸ். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பதினெட்டு... பத்தொன்பது... இருபது!"

தரையில் மூன்றே சொட்டுகள்.

"அது வண்டியால சிந்தல," என்றார் விஜயன். "என் மக சிரிச்சா. அதனால சிந்துச்சு."

போட்டிக்கு முந்தின நாள் ஒரு சின்னச் சிக்கல். சக்கரம் கீச் கீச்சென்று கத்தியது. பட்டறை பூட்டியிருந்தது. ஷப்னம் "நான் பார்த்துக்கறேன்" என்று கடைக்கு ஓடினாள். திரும்பி வந்து சக்கரத்தின் நடுவில் எதையோ பூசினாள். கீச் சத்தம் உடனே நின்றுபோனது. யாரும் என்னவென்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ் யோங் பெங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டுநர் ஐயாசாமி மூக்கை உறிஞ்சினார்.

"பின்னாடி யாரு கல்லுல ரொட்டி சானாய் போடறது?"

"எனக்கும் பசிக்குது சார்," என்றான் ஹேமநாதன். "ரொம்ப நல்ல வாசனை."

யோங் பெங்கில் வண்டியை இறக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. சக்கரத்திலிருந்து மீன்கூடை வரைக்கும் எறும்புகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. அம்புப் பெட்டியை எடுத்த ஹேமநாதன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பை வளைத்து, கையை உதறி, இதுவரை யாரும் பார்த்திராத ஓர் ஆட்டம் ஆடினான்.

"ஷப்னம்! என்னா பூசின?"

"நெய்தான்," என்றாள் ஷப்னம், சின்னக் குரலில். "எங்க கடையில எது ஒட்டிக்கிட்டாலும் வாப்பா நெய்தானே தடவுவாங்க."

ஐயாசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நெய்யைத் துடைத்துவிட்டு, பஸ்ஸில் வைத்திருந்த கிரீஸைப் பூசிக் கொடுத்தார். எறும்புகள் ஏமாற்றத்தோடு கலைந்து போயின.

இரண்டு நாளாகப் பெய்த மழையில் திடல் சொதசொதவென்று இருந்தது. சாலையிலிருந்து எய்யும் இடத்துக்குப் போக அந்தச் சேற்றைக் கடந்தாக வேண்டும். கஸ்தூரியும் ஷப்னமும் வண்டியைத் தள்ள, ஹேமநாதன் முன்னால் நடந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்றான். வழியில் யாருமே இல்லை.

பத்தே நிமிடத்தில் அவர்களுடைய பலகை தன் இடத்தில் நிமிர்ந்து நின்றது. கஸ்தூரி இடது கையை நீட்டிப் பார்த்தாள். கல்லால் செய்த கை போல அசையாமல் இருந்தது. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவும் செய்தாள்.

ஆனால் திரும்பிப் பார்த்தபோது திடலில் வேறு ஒரு பலகைகூட இல்லை.

மற்ற ஏழு பள்ளிகளும் சாலையோரத்திலேயே நின்றுகொண்டிருந்தன. மூன்று பள்ளிகளிடம் அதே மடக்கு வண்டிகள். மூன்றும் அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்திருந்தன. இரண்டு ஆசிரியர்கள் ஒரு பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் ஒருவர் வழுக்கி உட்கார்ந்தார். பலகை மற்றவர் தலையில் தொப்பி போலக் கவிழ்ந்தது.

போட்டியை நடத்தும் ஜாஹிதா டீச்சர் வானத்தைப் பார்த்தார். தெற்கே மேகம் திரண்டிருந்தது. அவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"பத்தரை மணிக்குள்ள எல்லாப் பலகையும் நிக்கணும். இல்லன்னா இன்னிக்குப் போட்டி கிடையாது. மத்தியானம் இடியோட மழை வரும். இந்த வருஷத்துல வேற தேதியும் இல்ல. மன்னிச்சிருங்க பிள்ளைங்களா."

மணி ஒன்பதரை.

கஸ்தூரியும் மேகத்தைப் பார்த்தாள். வேறு தேதி இல்லை. அப்படியானால் அவளுக்கு இனிப் போட்டியே இல்லை.

தங்காக் சீனப்பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி ஓடி வந்தாள். முழங்கால்வரை சேறு. அவள் வண்டியைக் காட்டி, மலாயில் கேட்டாள்: "போலே பின்ஜாம்?" இரவல் தர முடியுமா என்று அர்த்தம்.

கஸ்தூரி வாயைத் திறப்பதற்குள் ஷப்னம் அவளை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வேணாம் கஸ்தூரி. ஏழு பலகை! அவங்களால இந்தச் சேத்துல தனியா தள்ள முடியாது. நாமதான் கூடத் தள்ளணும். அப்புறம் உன் கை என்னாகும்? மறுபடி புல்லுக்குத்தான் விடுவ."

"கொடுக்காட்டி போட்டியே இல்லையே."

"அதுவும் சரிதான்," என்றாள் ஷப்னம் பரிதாபமாக.

"வண்டியைக் கொடுப்போம். முதல்ல பெரியவங்க இழுத்துப் பார்க்கட்டும்," என்றாள் கஸ்தூரி.

இரண்டு பலகைகளை ஏற்றி, அந்த இரண்டு ஆசிரியர்கள் இழுத்தார்கள். சக்கரம் புதையவில்லை. ஆனால் ஆசிரியர்களின் கால்கள் வழுக்கின. இரண்டு பலகையின் பாரத்தை இழுக்க அந்த நான்கு கால்களுக்குப் பிடிமானம் போதவில்லை. வண்டி ஓரடி நகர்ந்தால் அவர்கள் ஈரடி பின்னால் போனார்கள்.

கஸ்தூரி அவர்களுடைய கால்களையே பார்த்தாள். நான்கு கால்கள் வழுக்குகின்றன. எண்பது கால்கள் என்றால்? எல்லாமே ஒரே சமயத்தில் வழுக்குமா?

"ஷப்னம்! எங்க கோயில் தேர் எவ்வளவு பெருசு?"

"இப்ப எதுக்கு லா தேரு? உங்க தேரு எங்க கடைக்கு முன்னாடிதானே போகும். வாப்பா வருஷா வருஷம் எல்லாருக்கும் குடிக்க இனிப்பா சிராப் தண்ணி கொடுப்பாங்களே. மாடி உயரம் இருக்கும்."

"அதை யாரு இழுக்கறா?"

"எல்லாரும்தான். கயித்தைப் பிடிச்சிக்கிட்டு..." ஷப்னம் பேச்சை நிறுத்தினாள். அவள் கண்கள் விரிந்தன. "கஸ்தூரி!"

கஸ்தூரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்! திடலைச் சுத்திக் கட்டறதுக்கு மஞ்சள் கயிறு வச்சிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் கொடுங்க. பலகை எல்லாம் வந்ததும் நாங்களே கட்டித் தந்திடறோம்!"

ஜாஹிதா டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கயிற்றுச் சுருளைக் கொடுத்தார்.

கயிற்றின் நடுப்பகுதியை வண்டியின் சட்டத்தில் கட்டி, இரண்டு முனைகளையும் முன்னால் நீட்டினார்கள். எட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் இருபக்கமும் வரிசையாக நின்று பிடித்தார்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, மலாய்ப்பள்ளிச் சட்டைகள் எல்லாம் கலந்திருந்தன. சட்டையின் நிறம் வேறாக இருந்தாலும் சேற்றின் நிறம் ஒன்றாகவே இருந்தது.

கஸ்தூரியும் கயிற்றைப் பிடிக்கப் போனாள். ஷப்னம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ தொடக்கூடாது. முன்னாடி போய் நின்னு கத்து. உனக்குத்தான் குரல் பெருசு."

"ஆனா..."

"கத்தறதுக்கும் ஆள் வேணும் லா! ஆளுக்கொரு பக்கம் இழுத்தா என்னாகும்?"

கஸ்தூரி முன்னால் போய் நின்று கையை உயர்த்தினாள். "சத்து... டுவா... தீகா! தாரிக்!" என்று மலாயில் எண்ணி, இழுக்கச் சொன்னாள்.

எல்லோரும் ஒரே சமயத்தில் இழுத்தார்கள். வண்டி பாய்ந்தது! சேற்றை இருபக்கமும் வாரி இறைத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓட, வண்டி அவர்களைத் துரத்த, ஒரு பலகை சரிந்து மூர்த்தி சாரின் காலடியில் வந்து விழுந்தது.

"மெதுவா, மெதுவா!" என்றார் மூர்த்தி சார். முதல் முறையாக அந்த வார்த்தை தேவைப்பட்டது.

"கட்டை வேணும்!" என்றாள் கஸ்தூரி. "தேர் ஓடினா சக்கரத்துக்கு முன்னாடி கட்டை போட்டு நிறுத்துவாங்க. ஹேமா, நீ வா!"

கூடாரத்துக் காலுக்கு அண்டை கொடுக்க வைத்திருந்த ஒரு மரக்கட்டையை எடுத்து, ஒரு நீளக் கம்பின் முனையில் கட்டி அவனிடம் கொடுத்தாள். "பக்கத்துலயே நடந்து வா. நான் கையைக் காட்டினா கட்டையைச் சக்கரத்துக்கு அடியில தள்ளு. கிட்டப் போகாத, கம்பாலதான் தள்ளணும்."

ஹேமநாதன் நெஞ்சை நிமிர்த்தினான். "முட்டுக்கட்டை போடறதுதானே? எங்கம்மாவைக் கேட்டுப் பாரு, அதுல நான்தான் முதல்னு சொல்வாங்க."

இரண்டாவது முறை வண்டி ஒழுங்காக நகர்ந்தது. "சத்து... டுவா... தீகா!" இழுப்பு. கை காட்டல். கட்டை. நிற்றல். மறுபடி இழுப்பு. யாரோ ஒருவர் வழுக்கினால் மற்றவர்கள் வழுக்காமல் நின்றார்கள். விழுந்தவர் எழுந்து, சிரித்து, மறுபடி பிடித்துக்கொண்டார். ஒருவருக்கும் கை வலிக்கவில்லை. ஒவ்வொருவர் பங்குக்கு வந்தது ஒரு புத்தகப் பையின் பாரம்தான்.

நான்கு நடையில் ஏழு பலகைகளும் வந்து சேர்ந்தன. கயிற்றைத் திடலைச் சுற்றிக் கட்டி முடித்தபோது மணி பத்து இருபத்தைந்து.

ஜாஹிதா டீச்சர் இரண்டு முறை விசில் ஊதினார். எய்கிறவர்கள் கோட்டுக்கு வர வேண்டும். பிறகு ஒரு விசில். எய்யலாம்!

கஸ்தூரி இடது கையில் வில்லை உயர்த்தினாள். சேறு, சத்தம், மேகம் எல்லாம் எங்கோ போய்விட்டன. இருபது மீட்டர் தூரத்தில் ஒரு மஞ்சள் வட்டம் மட்டும் தெரிந்தது. கை அசையவில்லை. நாணை விட்டாள்.

தொப்!

மஞ்சள்.

சுற்றுக்கு ஆறு அம்புகள் என்று ஆறு சுற்று. எல்லாமே மஞ்சளில் போய் விழவில்லை. மூன்றாவது சுற்றில் ஒன்று நீலத்துக்குப் போனது. ஒரு கொசு காதில் பாடியபோது இன்னொன்று கறுப்புக்குப் போனது. ஆனால் ஒன்றுகூடப் புல்லுக்குப் போகவில்லை.

ஹேமநாதனின் ஓர் அம்பு பக்கத்துப் பள்ளியின் பலகையில் சரியாக நடுவில் குத்தி நின்றது.

"அது கணக்குல வராதே தம்பி," என்றார் நடுவர்.

"தெரியும் சார். அவங்க பலகையும் நாங்க கொண்டு வந்ததுதானே, அதான் எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

கடைசி அம்பை நாணில் பொருத்தியபோது தூரத்தில் இடி உருண்டது. தொடக்கப்பள்ளியில் அவள் எய்யும் கடைசி அம்பு அதுதான். கஸ்தூரி அவசரப்படவில்லை. மூச்சை இழுத்தாள். பாதியை விட்டாள். வில்லின் முனை, மரத்தில் பதித்த ஆணி போல நின்றது. விட்டாள்.

அம்பு மஞ்சளின் நடுவிலிருந்த சின்னக் குறியை மறைத்துக்கொண்டு நின்றது.

"பத்துக்குப் பத்து!" என்று கத்தினாள் ஷப்னம். எய்கிற கோட்டில் கத்தக்கூடாது என்பது அவளுக்கு மறந்தே போனது. ஜாஹிதா டீச்சருக்கும் அவளைக் கண்டிக்க மறந்துபோனது.

கூடாரத்துக்கடியில் முடிவுகளை வாசித்தார்கள். முதலிடம் பத்து பகாட் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பையனுக்கு. இரண்டாவது அந்தத் தங்காக் சிறுமிக்கு. கஸ்தூரிக்கு ஐந்தாவது இடம்.

"முப்பத்தொன்பதுல இருந்து அஞ்சு!" என்று விரல்களை எண்ணிய ஹேமநாதன், விரல் போதாமல் விட்டுவிட்டான். "எவ்வளவு பேரைத் தாண்டியிருக்க தெரியுமா?"

"முப்பத்து நாலு," என்றாள் கஸ்தூரி. அவள் அதை ஏற்கெனவே இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள்.

மூர்த்தி சார் விஜயனுக்குக் கைப்பேசியில் செய்தி சொல்ல முயன்றார். மறுமுனையில் விஜயன் போட்ட கூச்சலில் கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் தங்காக் சிறுமி ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினாள். வண்டியை வரைந்து தர வேண்டுமாம். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பள்ளிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கஸ்தூரி மூன்று படம் வரைந்து கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் சக்கரம் பாரத்துக்கு நேர் கீழே. ஷப்னம் ஒவ்வொரு தாளின் அடியிலும் 'நெய் பூசாதீர்கள்' என்று மலாயில் எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாவது தாளின் மேல் பெரிய மழைத்துளி ஒன்று விழுந்தது.

"பலகை நனையுது!" என்று ஜாஹிதா டீச்சர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சிலர் திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றை அவிழ்த்தார்கள். சிலர் பலகைகளை வண்டியில் ஏற்றினார்கள். ஹேமநாதன் தன் கட்டையைத் தேடிக்கொண்டு ஓடினான். மழை கொட்டத் தொடங்கியபோது பிள்ளைகள் இருபக்கமும் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"கஸ்தூரி, முன்னாடி போய்க் கத்து!" என்றாள் ஷப்னம்.

"இப்ப நீ கத்து!"

கஸ்தூரி வரிசையின் தலைக்கு ஓடினாள். கயிற்றை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றி, குதிகாலைச் சேற்றில் ஊன்றினாள். காலையிலிருந்து முட்டையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்த இடது கை. இனி அதற்கு ஒரு வேலையும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கட்டும்!

"சத்து... டுவா... தீகா!"

கஸ்தூரி தன் முழுப் பலத்தோடும் இழுத்தாள்.